படியில்லாத தெருக்கள்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு, நான் தவறாமல் செய்யும் வேலை ஒன்று உண்டு. கைபேசியில் வரைபடத்தைப் புதுப்பிப்பேன். தெற்கே வண்டலூர், வடக்கே விமான நிலையம் என்று ஒரு கட்டம் போட்டு, வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்வேன். அதன் பிறகு நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் தெருக்கள் எல்லாம் என் சட்டைப் பையில் இருக்கும்.

"முடிச்சூர்ல இருந்துக்கிட்டு தாம்பரம் மார்க்கெட்டுக்கு மேப் இறக்கி வைக்கிற ஒரே ஆளு நீங்கதான். பிரிண்ட் போட்டு ஃப்ரேம் பண்ணி மாட்டிடுங்க" என்பாள் மனைவி.

அவள் கேலி செய்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெருவெள்ளத்தின்போது எங்கள் பக்கம் முதலில் போனது மின்சாரம், அடுத்து போனது செல்போன் டவர். அன்றிலிருந்து மழைக்காலத்தில் நெட்டை நம்புவதை விட்டுவிட்டேன். வழி சொல்லும் குரலையும் தமிழிலேயே வைத்திருக்கிறேன். அந்தப் பெண் குரலுக்கு என் மனைவி வைத்த பெயர் "உங்க அக்கா".

போன நவம்பரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மணப்பெண் என் மனைவியிடம் சிறு வயதிலிருந்தே கீபோர்டு கற்றவள். மனைவி பள்ளியில் கணக்கு ஆசிரியை. சனிக்கிழமைகளில் வீட்டில் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுப்பாள். எங்கள் சபையில் பாடல்களுக்கு வாசிப்பவளும் அவள்தான். கல்யாணம் பொழிச்சலூரில், மாப்பிள்ளை வீட்டாரின் சிறிய ஆலயத்தில், காலை பத்து மணிக்கு.

பெண்ணின் அப்பாவுக்கு முந்தைய வருடம் பக்கவாதம் வந்து, இடது கால் இன்னும் முழுதாகச் சொன்னபடி கேட்பதில்லை. ஒவ்வொரு அடிக்கும் நின்று, ஊன்றுகோலை நகர்த்தி, பிறகுதான் அடுத்த அடி. ஆனாலும் மகளைக் கைபிடித்து வாசலிலிருந்து பலிபீடம் வரை தானே நடத்திக்கொண்டு போக வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். மாப்பிள்ளையின் மாமா ஒருவர், "கீபோர்டு எல்லாம் எதுக்கு சிரமம்? போன்ல பாட்டைப் போட்டு ஸ்பீக்கர்ல விட்டா ஜம்முனு இருக்கும்" என்று சொல்லியிருக்கிறார். பெண்ணின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்து, ஆறு படிகளையும் சிரமப்பட்டு ஏறி, நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகு சொன்னார்:

"போன் பாட்டு மூணு நிமிஷத்துல முடிஞ்சிரும் டீச்சர். நான் பாதி வழியில நிப்பேன். அப்புறம் எல்லாரும் என் காலையே பாத்துக்கிட்டு இருப்பாங்க."

"நீங்க நடந்து முடிக்கிற வரைக்கும் நான் வாசிப்பேன்ண்ணா. பாட்டு உங்களுக்காக நிக்கும். நீங்க பாட்டுக்காக ஓட வேண்டாம்" என்றாள் மனைவி.

அந்த வாரம் முழுவதும் மாலையில் அந்த மெட்டை வாசித்துப் பார்த்தாள். எந்த இடத்திலிருந்து திரும்பினால் திரும்பியது தெரியாது, எங்கே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கலாம் என்று கணக்குப் போட்டாள். பெண்ணின் அப்பாவாக நான் ஹாலில் ஊன்றுகோலுக்குப் பதில் ஒட்டடைக் குச்சியுடன் நடந்தேன். "இவ்வளவு வேகமாவா நடப்பாரு? நின்னு நடங்க" என்று திட்டு வாங்கினேன்.

கல்யாணத்தன்று விடிவதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. பொழிச்சலூர் ஆலயத்தின் கீபோர்டு பழுதுபார்க்கப் போயிருந்ததால், எங்களுடையதை இரண்டு பிளாஸ்டிக் விரிப்புகளில் சுற்றிக் காரின் பின் இருக்கையில் வைத்தேன். வழக்கமாக முக்கால் மணி நேரத்துப் பயணம். இரண்டு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு எட்டு மணிக்குக் கிளம்பினோம். மேற்குத் தாம்பரம் தாண்டும்போதே கைபேசியில் நெட் இல்லை. குரோம்பேட்டையில் அழைப்பும் போகவில்லை. வரைபடம் மட்டும் அசையாமல் இருந்தது. நீலப் புள்ளி ஜி.எஸ்.டி. சாலையில் எங்களைப் போலவே ஊர்ந்துகொண்டிருந்தது.

"பாத்தியா? இன்னிக்கு யாருக்கு வழி தெரியும்?" என்றேன்.

"வழி தெரியுது. ட்ராஃபிக் தெரியலையே உங்க அக்காவுக்கு."

அது உண்மை. நெட் இல்லாதபோது வரைபடத்துக்குத் தெருக்கள்தான் தெரியும். தெருவில் என்ன நடக்கிறது என்று தெரியாது. பல்லாவரத்தில் திரும்பி, பம்மலைக் கடந்து, பொழிச்சலூர் சாலையில் கொஞ்ச தூரம் போவதற்குள் ஒன்பதரை ஆகிவிட்டது. அங்கே தடுப்பு வைத்திருந்தார்கள். அதற்கு அப்பால் சாலை இருந்த இடத்தில் காப்பி நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மழைக்கோட்டு போட்ட போலீஸ்காரர் எல்லா வண்டிகளையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"நேராகச் செல்லவும்" என்றது கைபேசி.

"போலீஸ்காரர்கிட்ட போனைக் குடுங்க. உங்க அக்காவே பேசிக்கட்டும்" என்றாள் மனைவி. கேலி செய்தாளே தவிர, கைக்கடிகாரத்தைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை. நாங்கள் வழியில் மாட்டிக்கொண்டோம் என்று பெண் வீட்டாருக்குச் சொல்லவும் வழியில்லை. பத்து மணிக்கு ஆயர் தொடங்கிவிடுவார். அந்த மனிதர் போன் பாட்டுக்குப் பின்னால் ஓட வேண்டியிருக்கும்.

உள்தெருக்களில் புகுந்து போகலாம் என்று முடிவு செய்தேன். வரைபடத்தில் பிரதான சாலைக்கும் ஆலயத்துக்கும் நடுவே சிறு தெருக்கள் வலை போலப் பின்னியிருந்தன. எதில் தண்ணீர் இருக்கும், எதில் இருக்காது என்று வரைபடம் சொல்லாது. நானேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிதாக சிமென்ட் போட்ட அகலமான தெரு ஒன்று வந்தது. இருபுறமும் உயரமான அஸ்திவாரத்தில் புது வீடுகள், வாசலுக்கு ஏழெட்டுப் படிகள். நல்ல உயரமான தெரு என்று நினைத்து வண்டியைத் திருப்பினேன். பாதி தூரம் போவதற்குள் சக்கரம் மூழ்கியது. கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் தட்டும் சத்தம் கேட்டது.

ஒரு மாடி பால்கனியிலிருந்து லுங்கி கட்டிய ஒருவர் குரல் கொடுத்தார்.

"சார்! எங்க சார் போற? அந்தாண்ட இடுப்பு வரைக்கும் தண்ணி கீது சார்!"

"போன்ல இந்த வழிதாங்க காட்டுச்சு" என்றேன். அது பொய். போன் காட்டவில்லை, நான்தான் திருப்பினேன்.

"உனுக்கு முன்னாடி வந்தவருக்கும் அதான் சார் காட்டிச்சு. தோ, தலைய மட்டும் காட்டிகினு நிக்குது பாரு அவரு காரு. ரிவர்ஸ் எடு, ரிவர்ஸ் எடு! இஞ்சின ஆஃப் பண்ணிடாத!"

என்ஜினை அணைக்காமல், கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துப் பின்னால் வந்தேன். அவர் மாடியிலிருந்தே "லெஃப்டு ஒடி, லெஃப்டு ஒடி சார், ஆங், அப்டியே வா" என்று தெருமுனை வரை எங்களை நடத்திக்கொண்டு வந்தார். மேட்டில் ஏறி நின்ற பிறகுதான் மூச்சு வந்தது. மனைவி அந்தத் தெருவையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நம்ம வீட்டுக்கு எதுக்கு ஆறு படி?"

"எதுக்குன்னா? ஜாக்கி வெச்சு வீட்டையே தூக்குனோமே."

"எதுக்குத் தூக்குனோம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளம் வந்து போன பிறகு முடிச்சூரில் எங்கள் தெரு முழுவதும் வீடுகள் உயர்ந்தன. சிலர் இடித்துக் கட்டினார்கள். எங்களைப் போன்றவர்கள் அஸ்திவாரத்தை அறுத்து, வரிசையாக ஜாக்கிகளை வைத்து, வீட்டை அப்படியே மேலே தூக்கினார்கள். தண்ணீர் மோட்டாருக்குத் தனி மேடை, இன்வெர்ட்டருக்குச் சுவரில் தட்டு. தண்ணீர் வராத தெருவில் யாரும் காசைக் கொட்டிப் படி கட்டுவதில்லை. படி கட்டியிருக்கிறார்கள் என்றால் அது பள்ளம். ஆறு படிகளை ஏறி இறங்கும் ஆள், ஏழெட்டுப் படிகளைப் பார்த்து மேடு என்று நினைத்து வண்டியைத் திருப்பியிருக்கிறேன்.

"படி இல்லாத தெருவாப் பாருங்க" என்றாள். கைபேசியை ஸ்டாண்டிலிருந்து எடுத்து, குரலை அணைத்து, மடியில் வைத்துக்கொண்டாள். "உங்க அக்கா கொஞ்ச நேரம் ரெஸ்ட் எடுக்கட்டும். நான் தெரு சொல்றேன், நீங்க வாசலைப் பாத்து சொல்லுங்க."

அப்படியே போனோம். "அடுத்த வலது ஒண்ணு இருக்கு" என்பாள். நான் முனையில் நிறுத்தி வாசல்களைப் பார்ப்பேன். வண்டிகளை எல்லாம் படிக்கு மேல் ஏற்றி நிறுத்தியிருந்தால், "வேணாம், அடுத்தது" என்பேன். அவள் விரலால் வரைபடத்தை நகர்த்தி இன்னொன்றைச் சொல்வாள். ஒரு பழைய தெரு வந்தது. ஓட்டு வீடுகளும் தாழ்ந்த மாடி வீடுகளும் கலந்து, வாசலும் ரோடும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தன. போர்டிகோவில் செருப்புகள் தரையிலேயே கிடந்தன. ஒரு வீட்டில் வாஷிங் மெஷின் வெறும் தரையில் நின்றது. அந்தத் தெருக்காரர்களுக்குத் தண்ணீர் பயம் கிடையாது. சக்கரம் நனைந்ததே தவிர மூழ்கவில்லை. அங்கிருந்து இடது, ஒரு பிள்ளையார் கோயிலைச் சுற்றி வலது, அதே மாதிரி இன்னொரு தெரு.

இரண்டு இடங்களில் வரைபடத்தில் இருந்த தெருவில் சுவர் எழுப்பியிருந்தார்கள். ஒரு இடத்தில் வரைபடத்தில் இல்லாத சந்து ஒன்று எங்களைக் காப்பாற்றியது. "புதுசா வந்திருக்கும். அடுத்த மாசம் இறக்குறப்ப வந்திரும்" என்றேன். "இப்ப ரோட்டைப் பாருங்க" என்றாள்.

ஆலயத்தின் சிலுவை வீடுகளுக்கு மேலே தெரிந்தபோது பத்து தாண்டிவிட்டது. வாசலில் பூ அலங்காரம் செய்த கார் நின்றது. பெண் இறங்கி, குடைக்குக் கீழே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மாமா ஒரு கையில் ஸ்பீக்கரும் மறு கையில் போனுமாக, "லோடு ஆகுதுப்பா, சுத்திக்கிட்டே இருக்கு" என்று வானத்தை நோக்கிப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் காரைப் பார்த்ததும் பெண், "டீச்சர்!" என்று கத்தியது ஆலயத்துக்கு உள்ளேயும் கேட்டிருக்கும். ஆயர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். நானும் மாமாவும் ஆளுக்கொரு முனையாகக் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினோம். அவர் நல்ல மனிதர். வயரை மாட்டி, ஸ்டாண்டை விரித்து, பிளாஸ்டிக் விரிப்பை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ம், ஆரம்பிங்க சிஸ்டர்" என்றார்.

சபையார் எழுந்து நின்றார்கள். மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையின் நனைந்த ஓரத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள். அவள் பெண்ணைப் பார்க்கவில்லை, கட்டைகளையும் பார்க்கவில்லை. அந்த மனிதரின் இடது காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் நின்றபோது சுரம் நின்று காத்திருந்தது. ஊன்றுகோல் நகர்ந்தபோது மெட்டு நகர்ந்தது. நடுவழியில் அவர் ஓர் இடத்தில் நன்றாகவே நின்றுவிட்டார். மகள் ஏதோ காதில் சொன்னாள். மனைவி பாட்டின் முதல் அடிக்குத் திரும்பினாள். கூட இருந்து கேட்டுப் பழகிய எனக்கே திரும்பிய இடம் தெரியவில்லை. பாட்டு நீளமானது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவருடைய காலை யாரும் பார்க்கவில்லை, பெண்ணைத்தான் பார்த்தார்கள். அவர் பலிபீடத்தின் முன்னால் வந்து, மகளின் கையை மாப்பிள்ளையிடம் கொடுத்து, ஊன்றுகோலை நேராக ஊன்றிய பிறகுதான் கடைசிச் சுரம் முடிந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் அவர் எங்கள் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் வாசிச்சீங்க டீச்சர். ஆனா கடைசியில கொஞ்சம் ஸ்பீடு. நான் ஓட வேண்டியதாப் போச்சு" என்றார். மனைவி சிரித்ததில் பிரியாணி புரையேறிவிட்டது. அவரே தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மாலை வரவேற்பு மேற்குத் தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில். மழை விட்டிருந்தாலும் பிரதான சாலையில் தண்ணீர் வடியவில்லை, நெட்டும் வரவில்லை. மாமா எல்லாரிடமும், "இவங்க வந்த வழியிலேயே போயிடலாம்" என்று சொல்லிவிட்டார். கிளம்பியபோது கண்ணாடியில் பார்த்தேன். எங்கள் பழைய காருக்குப் பின்னால் பூ அலங்காரத்துடன் மணமக்கள் கார், அதன் பின்னால் ஒரு வேன், பிறகு வரிசையாக வண்டிகள்.

"ஏங்க, மெதுவாப் போங்க. பின்னாடி எல்லாரும் நம்மளத்தான் நம்பி வர்றாங்க" என்றாள் மனைவி. வரைபடத்தைப் போகும் திசைக்குத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினாள். "இடது."