பால் சொசைட்டி வரிசையில் ஒரு பெற்றோர் கூட்டம்

அப்போதுதான் கறந்த பாலின் வெதுவெதுப்பான வாசனை... போசிப் பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம்... காலை ஆறரை மணி.

என்னுடைய டீச்சர் வேலையை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது இதுதான். மோகனூர் பக்கம் ஒரு சின்ன ஊரின் பால் சொசைட்டி.

நான் சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். பால் என்றால் பாக்கெட் என்று மட்டுமே தெரியும். முதல் போஸ்டிங் அந்த ஊர் தொடக்கப்பள்ளியில். அஞ்சு வகுப்புக்கும் சேர்த்து ஹெச்.எம். சாரும் நானும்தான்.

சேர்ந்த மாசமே பெற்றோர் கூட்டம் வைத்தோம். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து கலர் கலராகச் சார்ட் எழுதி ஒட்டியிருந்தேன். வந்தவர்கள் மூன்று பேர். அதிலும் ஒருவர் சர்ட்டிபிகேட் வாங்க வந்தவர்.

"எல்லாரும் தோட்டங்காட்டு வேலைக்குப் போயிருவாங்கம்மா. நாம கூப்பிட்டா வரமுடியாதுங்க" என்றார் சார். அவருக்குக் கோபமே வராது. எனக்குத்தான் அழுகை வந்தது.

அடுத்த வாரம் ஒருநாள் தூக்கம் வராமல், தங்கியிருந்த டவுனிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன். இறங்கினால் எதிரே சொசைட்டி. நான் யாருக்காகக் காத்திருந்தேனோ அத்தனை அம்மாக்களும் போசியோடு வரிசையில் நிற்கிறார்கள்!

மறுநாளும் அதே பஸ். பால் டெஸ்ட் பண்ணுகிற அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், பால் ஊத்தறதுக்குங்களா?"

"இல்லைங்கண்ணா, பேசறதுக்கு."

வரிசையே சிரித்தது.

ஒரு அம்மாவுக்கு ஒரு சேதி. அவ்வளவுதான். "உங்க பொண்ணு நேத்து விரல் விடாமக் கழித்தல் போட்டா." "உங்க பையன் கீழ விழுந்த ஒண்ணாங்கிளாஸ் பாப்பாவத் தூக்கிவிட்டு மண்ணத் தட்டிவிட்டான்." பத்து நாளில் அவர்களே கேட்க ஆரம்பித்தார்கள். "எங்கூட்டுது என்ன பண்ணுச்சுங்க டீச்சர்?"

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது போல... பருவத் தேர்வு முடிந்த ஒருநாள் பூங்கொடி என்ற அம்மாவிடம், அத்தனை பேர் நடுவில், "கார்த்தி மூணாங்கிளாஸ் வந்தும் இன்னும் எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கலைங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் பாலை ஊற்றினார். போசியைக் கவிழ்த்து உதறினார். போய்விட்டார். மறுநாளிலிருந்து அவர் கணவர்தான் பால் கொண்டுவந்தார். கார்த்தியைத் தனியார் ஸ்கூல் வேனில் ஏற்றப் போகிறார்களாம் என்று டெஸ்டர் அண்ணன் மெதுவாகச் சொன்னார்.

மூன்று நாள் தாங்கினேன். நாலாவது நாள் சாயங்காலம், ஸ்கூல் விட்டதும், அவர்கள் சோளக்காட்டுக்கே போனேன். பூங்கொடி சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தார். அரிவாளைக் கீழே வைக்கவில்லை.

"நான் பண்ணுனது தப்புங்க. எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்கக் கூடாது."

அவர் இன்னொரு பிடி தட்டை அறுத்துப் போட்டார்.

"நான் பள்ளிக்கூடமே போனதில்லீங்க டீச்சர். படிக்கலீன்னு சொன்னீங்க. சரி. அதுக்கு நான் என்ன செய்யோணும்னு நீங்க சொல்லவே இல்லீங்களே?"

ஆசிரியர் பயிற்சியில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி. "ரெண்டு நாள் டைம் குடுங்க" என்றேன்.

ரெண்டு நாள் கழித்துத் திரும்பப் போனேன். "தினமும் சாயங்காலம் ஊட்டுல எழுத்து இருக்கற எதையாச்சும் சத்தமாப் படிக்கச் சொல்லுங்க. தீவன மூட்டை, சோப்பு உறை, எதுன்னாலும் சரி."

"அவன் தப்பாப் படிச்சா எனக்கு எப்படித் தெரியுமுங்க?"

"எங்க தடுக்கி நிக்கறான்னு காதுல கேக்குமில்ல? அத மட்டும் காலைல எங்கிட்டச் சொல்லுங்க."

அப்போதுதான் அவர் அரிவாளைக் கீழே வைத்தார்.

மறுநாள் பூங்கொடி வரிசையில் இருந்தார். என்னைத் தள்ளிக் கூட்டிப்போய்க் காதோடு சொன்னார். "தீவன மூட்டையில ரெண்டாவது வரியில நின்னுபோட்டானுங்க." சொசைட்டியில் கிடந்த அதே தீவன மூட்டையைப் பார்த்தால் இரட்டித்து வரும் எழுத்து. 'த்து', 'ட்டு' வந்தால் பையன் நின்றுவிடுகிறான்! ஒரு பருவம் முழுக்க வகுப்பில் வைத்துக்கொண்டு நான் கண்டுபிடிக்காததை, எழுத்தே தெரியாத அம்மா ஒரே சாயங்காலத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

அதன்பிறகு சேதி ரெண்டு பக்கமும் போனது. மற்ற அம்மாக்களும் பிடித்துக்கொண்டார்கள். நல்ல சேதி என்றால் எல்லார் முன்னாலும் சத்தமாக. சங்கடம் என்றால் வேப்பமரத்தடிக்குத் தள்ளிப் போய்.

பொங்கல் முடிந்த ஒரு காலை. சொசைட்டிச் சுவரில் மாட்டு மருத்துவ முகாம் பற்றி நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். டெஸ்டர் அண்ணன் படிக்கப் போனார். கார்த்தியோடு வந்திருந்த பூங்கொடி தடுத்தார்.

"இருங்கண்ணா. சாமி, நீ படி."

கார்த்தி குதிகாலை உயர்த்தி நின்று படித்தான். ஒரு இடத்தில் நின்றான். 'மருத்துவ' என்ற இடம்... வரிசை மூச்சு விடவில்லை. அவன் அம்மாவின் உதடுகூட அசைந்தது. தாண்டிவிட்டான்! கடைசி வரிவரை ஒரே ஓட்டம்.

"டீச்சர், இன்னைக்கு நான் சேதி சொல்றனுங்க. என்ற பையன் படிக்கறான்" என்றார் பூங்கொடி. அந்தக் குரல் பஸ் ஸ்டாப்புக்கே கேட்டிருக்கும்.

அந்த மாசப் பெற்றோர் கூட்டத்துக்குப் பெஞ்சு போதவில்லை. காட்டு வேலைக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனாலும் சரி என்று வந்துவிட்டார்கள். ஹெச்.எம். சார் பக்கத்து வீடுகளில் நாற்காலி கேட்டு ஓடினார். அந்தச் சாந்தமான மனிதர் ஓடி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். ஜூனில் தனியார் ஸ்கூல் வேன் வந்து ஹாரன் அடித்தது. கார்த்தி எங்கள் பள்ளிக்கு நடந்துதான் வந்தான்.

இப்போது நான் சங்ககிரியில் ஹெச்.எம். எங்கள் ஸ்கூலுக்கு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. லாரியோடு நாக்பூரில் நிற்கிற அப்பாவுக்கும் மகள் வரைந்த படம் அந்த நிமிஷமே போய்ச் சேர்கிறது. அன்றைக்கு நான் கனவிலும் நினைக்காத வசதி. சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஆனால் பதிலுக்கு வருவதெல்லாம் கட்டைவிரல் படம். வரிசையாக, மஞ்சள் மஞ்சளாக...

போன வாரம் அந்தக் குரூப்பில் ஒரு வரி போட்டேன். "உங்கள் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்." ஒருநாள் முழுக்கச் சத்தமில்லை. மறுநாள் காலை டீ குடிக்கும்போது போனில் மெசேஜ் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா அப்பாக்களின் பதினொரு வாய்ஸ் மெசேஜ்.

டீ ஆறிப்போனது. எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.