காஸா கரண்டா என்று என்னைக் கேளுங்கள்

என் வீட்டுக் காஸ் பாய்லர் பழுதாகிப்போன செய்தியை நான் மகனுக்குச் சொன்னேன். மகன் அதைத் தன் மாமனுக்கு, அதாவது என் அண்ணைக்குச் சொன்னான். நான் இந்த டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகர முதியோர் இல்லத்தில் காலை வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவதற்குள், மகன் ஓகூஸ் நகரத்திலிருந்தும் அண்ணை வைலே நகரத்திலிருந்தும் வந்து, மகனிடம் இருந்த திறப்பால் கதவைத் திறந்து உள்ளே நின்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல! பாய்லருக்குச் சுகமில்லையென்றால் இரண்டு பேர் பறந்து வருகிறார்கள். எனக்குக் காய்ச்சலென்றால் ஃபோனில் 'குளிசை போட்டனியோ' என்று கேட்பதோடு சரி.

அந்தப் பாய்லர் பின்பக்கச் சின்ன அறையில், உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கு மேலே சுவரில் தொங்கியது. என் புருஷன் உயிரோடு இருந்த வரைக்கும் அது இவருடைய ராச்சியம். "நீ ஒண்டையும் திருகாதையப்பா, நான் பாக்கிறன்" என்பார். இவர் போய்ச் சேர்ந்த பிறகு அது எனக்குச் செய்த அநியாயம் கொஞ்சநஞ்சமில்லை. தலை நிறைய ஷாம்பூ நுரையோடு நிற்கும்போது சுடுதண்ணீர் பச்சைத்தண்ணீராகும். துவாயைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தால், அமுக்கம் காட்டுகிற முள் அடியில் விழுந்து கிடக்கும். எதைத் திருகுவதென்று தெரியாமல் நின்று ஏசுவேன். பாய்லரை ஏசினாயா புருஷனை ஏசினாயா என்று கேட்டால், இரண்டு பேரையும்தான்.

அன்று அந்தச் சின்ன அறையில் இரண்டு ஆம்பிளைகளும் கையைக் கட்டிக்கொண்டு பாய்லரைப் பார்த்தார்கள். நான் வேலைப் பையோடு வாசலில் நின்றேன், உள்ளே போக இடமில்லை.

"சரி மருமோன், இப்ப என்ன செய்யிறது?" என்று அண்ணை மகனைக் கேட்டார்.

கவனியுங்கள், மகனைத்தான் கேட்டார். என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னது வேறு: "பிள்ளை, ஒரு தேத்தண்ணி போடன்."

எங்கள் சனத்தில் இதுதான் முறை. கார் வாங்கினாலும் கூரை மாற்றினாலும் ஆம்பிளைகள் ஹோலில் இருந்து கதைத்து முடிப்பார்கள். முடிவு தேத்தண்ணி கொண்டுபோகிறவளுக்குப் பிறகு வந்து சேரும். நான் போய்த் தேத்தண்ணி போட்டேன். போட்டு, எனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு ஹோலுக்கு வந்து, அவர்களுக்கு எதிரே கதிரையில் இருந்தேன்.

அண்ணைக்குக் காஸ்தான் வேண்டும். "பழைய இடத்திலை புதுப் பெட்டியைக் கொழுவினால் அலுவல் முடிஞ்சுது. திறந்த உடனை சுடும். ரேடியேட்டரிலை கை வைக்கேலாது, அப்பிடிக் கொதிக்கும்."

மகனுக்கு எதுவுமே வேண்டாம். பாதி டேனிஷிலும் பாதி தமிழிலுமாக, மிகவும் பக்குவமாகத் தொடங்கினான். "அம்மா, இந்தப் பழைய வீட்டுக்குள்ளை ஏன் திரும்பவும் செலவழிக்கிறீங்கள்? வித்துப்போட்டு எங்களோடை வாங்கோ. கீழ் அறைக்குப் பெயின்ட் அடிச்சு வச்சிருக்கிறம். தனிக் கதவும் இருக்கு."

பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்களாம்! என்னிடம் ஒரு சொல் கேட்காமல் எனக்கு அறை தயார். அவன் கெட்ட பிள்ளை இல்லை. என்னில் அவனுக்கு உயிர். ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. புதிதாக எந்தப் பெட்டியைக் கொண்டுவந்து பூட்டினாலும் நான் இந்த வீட்டில் இன்னும் கனகாலம் இருக்கப்போகிறேன் என்று அர்த்தம். ஒன்றையும் பூட்டாவிட்டால் இந்தக் குளிரோடு வீடு விலைக்குப் போய்விடும், நான் நிலத்துக்குக் கீழே ஒரு அறைக்குப் போய்விடுவேன். பாய்லரைச் சாட்டி என்னைக் கிளப்பப் பார்க்கிறான்.

"நான் கரண்ட் போடப்போறன்," என்றேன். "ஹீட் பம்ப்."

உண்மையைச் சொன்னால், அந்த வார்த்தை வாயிலிருந்து விழும் வரை நான் முடிவெடுத்திருக்கவில்லை. வீடுகளுக்குச் சூடு தருகிற நகரத்துக் கொதிதண்ணீர்க் குழாய் எங்கள் தெருவுக்கு வராது என்று கொம்மூனில், அதுதான் நகரசபையில், சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தது காஸும் கரண்டும்தான். பக்கத்து வீட்டு டேனிஷ் மனுசி போன வருஷமே காஸை விட்டுவிட்டாள். அவள் வீட்டுச் சுவரோரம், வெளிக்காற்றிலிருந்து கரண்டால் சூடு இறைக்கிற ஒரு பெட்டி மெதுவாக முனகிக்கொண்டு நிற்கும், உள்ளே அவள் அரைக்கைச் சட்டையோடு திரிவாள். அதைப் பார்த்து எனக்கு ஆசைதான். ஆனாலும் பாதிக் காரணம் ஆசை, மீதிப் பாதி, எனக்காகத் தாங்களே முடிவெடுக்கிற இந்த இரண்டு பேருடைய முகம்.

"கரண்டோ!" அண்ணை எழும்பியே விட்டார். "கரண்ட் போனால் என்ன செய்வாய்?"

அண்ணையைக் குறை சொல்ல முடியாது. சண்டைக் காலத்தில் மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில் வருஷக்கணக்காக இருந்துவிட்டு வந்தவர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட ஆள். இன்றைக்கும் அவர் வீட்டு அலுமாரியில் ஒரு பெட்டி நிறைய மெழுகுதிரி இருக்கிறது. இந்த நாட்டில் இத்தனை காலமாகக் கரண்ட் போய் அவர் ஒரு திரியைக்கூடக் கொளுத்தினதை நான் காணவில்லை.

"அண்ணை, கரண்ட் போனால் காஸ் பாய்லரும் ஓடாது. பத்திறதுக்கும் கரண்ட்தான், தண்ணியைச் சுத்துறதுக்கும் கரண்ட்தான். போய்ப் பாருங்கோ, வயர் தொங்குது."

அவர் போய்ப் பார்த்தார். வந்து, "அதுக்கில்லை பிள்ளை..." என்று இழுத்தார்.

பெட்டியைப் பூட்ட வந்தவனிடம் நானே கதைத்தேன். அண்ணை பக்கத்தில் நின்று, இந்தப் பெட்டி கடுங்குளிரிலும் வேலை செய்யுமா என்று ஒன்றுக்கு மூன்று முறை கேட்டார். அவன் ஒவ்வொரு முறையும் ஓம் என்று தலையாட்டினான். எனக்கு அவன் சொன்ன புத்தி ஒன்றுதான். எல்லா அறை ரேடியேட்டரும் திறந்தே இருக்கட்டும், நிற்பாட்டி நிற்பாட்டிப் போடாதே, இது அவசரப்படாத மெஷின், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுடும்.

எங்கள் ஆக்களுக்கு இதைவிடக் கஷ்டமான புத்தி கிடையாது. ஹோலுக்கு மட்டும் சூடு வைத்து, மற்ற அறைகளையெல்லாம் அடைத்து, வீட்டுக்குள்ளேயே ஜாக்கெட் போட்டுக்கொண்டு வாழ்ந்த சனம் நாங்கள். வெளிக்கிடும்போது லைட், டீவி, பிளக் எல்லாவற்றையும் நிற்பாட்டி, அடுப்பை இரண்டு தரம் பார்த்து, கதவைப் பூட்டியபின் திரும்பவும் திறந்து பார்ப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் இந்த முறை எல்லா அறையையும் திறந்து விட்டேன். ரேடியேட்டரைத் தொட்டால் குழந்தையின் நெற்றி மாதிரி இளஞ்சூடு, அவ்வளவுதான். வீடோ மூலைமுடுக்கெல்லாம் ஒரே கதகதப்பு. குளித்துவிட்டு வெறுங்காலோடு நடந்தேன். அட, இப்படியும் இருக்கலாமா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காஸ் குழாயைத் துண்டித்த அன்று அண்ணை ஃபோன் எடுத்தார். "காஸை வெட்டிப்போட்டியோ?" ஏதோ சம்பந்தத்தை முறித்துவிட்டேன் என்பது போலிருந்தது குரல். "ஓம் அண்ணை, வெட்டியாச்சு" என்றேன்.

பிறகு தை மாதத்தில், நிலமெல்லாம் உறைந்து கிடந்த ஒரு சனிக்கிழமை, ஹோர்சன்ஸில் எங்களுக்குத் தெரிந்தவர்களின் வயதுக்கு வந்த மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. நான் தட்டங்கள் அடுக்க விடிய வெள்ளெனவே மண்டபத்துக்குப் போய்விட்டேன். அண்ணை வைலேயிலிருந்து காற்சட்டையோடு வந்து, நான் கொடுத்துவைத்த திறப்பால் என் வீட்டைத் திறந்து வேட்டி கட்டிக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு வருவதாக ஏற்பாடு. வேட்டியோடு கார் ஓட்டினால் கால் விறைக்குமாம். மகன் ஓகூஸிலிருந்து நேரே மண்டபத்துக்கு வந்தான்.

பின்னேரம் மூன்று பேருமாக வீட்டுக்கு வந்தோம். கதவைத் திறந்ததும் முகத்தில் குளிர் அடித்தது. பழைய செங்கல் வீடு, சூட்டைப் பிடித்து வைக்காது. அண்ணை ரேடியேட்டரில் கையை வைத்தார். "பச்சைத்தண்ணி! நான் சொன்னனானே, கேட்டியோ?" அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

மகன் சேலையோடு நடுங்குகிற என்னைப் பார்த்தான். அவன் முகம் மாறிவிட்டது. "இது சரிவராது அம்மா. இந்தக் குளிருக்குள்ளை உங்களைத் தனிய விட்டிட்டு நான் எப்பிடி நித்திரை கொள்ளுறது? வீடு விக்கிற ஆள் ஒருத்தரை எனக்குத் தெரியும். திங்கள் அவரோடை கதைக்கிறன்." ஃபோனைக் கையில் எடுத்தும்விட்டான்.

ஒரு நிமிடம் எனக்கும் சந்தேகம் வந்தது. பொய் சொல்லவில்லை. நான் பிழையாகத்தான் முடிவெடுத்துவிட்டேனோ, இத்தனை பேச்சும் வீண்பேச்சோ என்று பயந்தேன். பின்பக்க அறைக்குப் போனேன். சுவரில் ஹீட் பம்புக்குக் கரண்ட் கொடுக்கிற ஆளி கீழே இறக்கி விடப்பட்டிருந்தது. ஒவ்வொரு அறையாகப் போனேன். எல்லா ரேடியேட்டரின் திருகியும் இறுக்கி மூடியிருந்தது. சும்மா மூடவில்லை, ஒருவர் பாடுபட்டு மூடியிருந்தார்.

"இதை ஆர் நிற்பாட்டினது?"

"நான்தான்," என்றார் அண்ணை. குற்றம் செய்த முகம் இல்லை, நல்லது செய்த முகம். "வெளிக்கிடேக்கை எல்லாத்தையும் நிற்பாட்டிப்போட்டுத்தானே வாறது? நல்ல மெஷினெண்டால் நிற்பாட்டினாலும் சூடு நிக்கவேணும். அதோடை உந்தப் பின் அறையளுக்கு என்னத்துக்கு? ஒரு ஆளுக்கு ஏன் முழு வீட்டுக்கும் சூடு?"

என் வாழ்க்கையில் அண்ணைக்கு முன்னால் நான் குரல் உயர்த்தியதில்லை. அன்று உயர்ந்தது.

"அந்த ஒரு ஆள் நான், அண்ணை! விடிய எழும்பிப் போய் மற்ற ஆக்களைக் குளிப்பாட்டி, துடைச்சு, தூக்கி இருத்திப்போட்டு வாற ஆள். இவருக்கும் கடைசி வரைக்கும் அதைத்தான் செய்தனான். இவர் படுத்திருந்த அறையிலை இப்ப ஒரு கதிரை போட்டிருக்கிறன். அதிலை இருந்து நான் ஒண்டுமே செய்யிறேல்லை. யன்னலாலை பாத்துக்கொண்டு சும்மா இருக்கிறன். அதுக்கு எனக்கு அந்த அறை வேணும், அதுவும் சுட்டுக்கொண்டு இருக்கவேணும். எனக்கு எல்லா அறையும் வேணும்!"

நான் பின்பக்க அறைக்குப் போய் ஆளியை மேலே தட்டினேன். வெளியே பெட்டி முனகத் தொடங்கியது. அண்ணை வேட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சோபாவில் இருந்தார். மகன் எழும்பிப் போனான். ஒவ்வொரு அறையாகத் திருகியைத் திறக்கிற சத்தம் கேட்டது. கடைசியில் நான் கதிரை போட்டிருக்கிற அறைக்குள் போய், கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தான். கண் சிவந்திருந்தது.

"ஓகே அம்மா," என்றான். "வீட்டை விக்கிறேல்லை."

"உன்னை ஆர் கேட்டது?" என்றேன். "விக்கிறதெண்டாலும் விக்காமல் விடுறதெண்டாலும் அதை நான் சொல்லவேணும்."