பிள்ளைச்சாவடி வரை நடந்தவர்

1934-ல், பிரெஞ்சு ஆட்சியில், ஒரு சனிக்கிழமை. உப்பளம் போலீஸ் சிப்பாய் பிலவேந்திரன், துறைமுகக் கிடங்கில் மல்லாட்டைக் கடலை மூட்டை நிறுக்கும் தராசில் மூச்சை அடக்கிக்கொண்டு ஏறி நின்றார். மூன்றாவது வாரமாக அதே தொண்ணூறு கிலோ.

ஈஸ்டருக்குள் எண்பத்தெட்டுக்கு இறங்காவிட்டால் பதினாறு வருஷத்துப் போலீஸ் வேலை போய்விடும். மேலதிகாரி எழுதியே கொடுத்துவிட்டார். இன்னும் எட்டு நாள்தான் இருந்தது.

"உன் தராசு பொய் சொல்லுது," என்று நிறுவைக்காரர் சாமிக்கண்ணுவின் மேல் பாய்ந்தார்.

ஈஸ்டருக்கு முந்தைய தபசுக் காலம் தொடங்கியதிலிருந்து அவர் ஒருசந்தி. மத்தியானம் ஒரு வேளைச் சோறுதான். காலையில் கருவடிக்குப்பம் வரை நடந்ததில் முதல் இரண்டு வாரத்தில் நாலு கிலோ குறைந்தது. ஆசை வந்து நடையைப் பிள்ளைச்சாவடி வரை நீட்டினார். அன்றோடு குறைவது நின்றுபோனது.

"அவ்ளோ தூரம் நடந்தா தாகம் எடுக்குமே. என்ன குடிக்கிறீங்க?" என்று சாமிக்கண்ணு கேட்டார்.

"அங்க தோப்புல ரெண்டு கலயம் கள்ளு."

"ஒருசந்தியிலயா?"

"குடிக்கிறது ஒருசந்திய முறிக்காதுன்னு பங்குச் சாமியாரே சொல்லியிருக்காரு. வேணும்னா போய்க் கேளு."

"முறிக்காதுங்க. ஆனா என் தராசுக்கு அது தெரியாதே."

பிலவேந்திரன் இறங்கினார். பூட்ஸ் வாரைக் கட்டினார். தலை நிமிராமலே கேட்டார்:

"அப்ப இனிமே கருவடிக்குப்பத்தோட திரும்பிடட்டுமா?"