கொலுவிலிருந்து வந்த மீன்தொட்டி

அடையாறு ஆஸ்பத்திரியிலிருந்து கணவரை அழைத்து வந்து கூடத்தில் கட்டில் போட்டோம். போடும்போது கட்டில் கால் இடித்து அவருடைய மீன்தொட்டி உடைந்தது. மீன்கள் வாளிக்குப் போயின. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கஞ்சிகூட இறங்கவில்லை. "மீனாவது கீனாவது, போ" என்றார். வேறு எதைக் காட்டி இந்த மனிதரைச் சாப்பிட வைப்பது?

பழைய தொட்டி விற்பனைக்கு என்று ஃபோனில் பார்த்துவிட்டு மயிலாப்பூருக்கு ஓடினேன்.

"மூணு வருஷமா ஆத்துல கொலுவுக்குத் தெப்பக்குளமா வெச்சுண்டிருக்கோம். ஒரு கீறல் கிடையாது" என்றார் விற்கிற மாமி.

"தண்ணி ஊத்தி வெச்சீங்களா?"

"ஐயோ, பொம்மை நனைஞ்சுடாதோ? நீலக் காகிதம்தான்."

கண்ணாடிகள் சேரும் மூலைகளில் சிலிக்கான் பசையை நகத்தால் அழுத்தினேன். ரப்பர் மாதிரி அமுங்கித் திரும்ப வரணும் என்று என் கணவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மூன்று மூலைகளில் வந்தது. நான்காவதில் ஓரம் பெயர்ந்து நகத்தோடு வந்துவிட்டது. பார்த்தேன். பார்க்காத மாதிரி வாங்கி வந்தேன். அன்றைக்கே எனக்கு ஒரு தொட்டி வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் தண்ணீர் நிரப்பி, வெளிப்பக்கம் மூலைகளில் திருநீற்றைத் தடவினேன். கசிந்தால் காட்டிக்கொடுத்துவிடும். கொஞ்ச நேரத்தில் நான்காவது மூலையில் திருநீறு குழைந்தது. துடைத்துவிட்டு மறுபடி தடவினேன். மறுபடியும் குழைந்தது. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அக்கம்பக்கம் கேட்டால் கேட்கட்டும்.

"எவன் உன் தலையில கட்டினான் இத?"

கட்டிலில் அவர் திரும்பியிருந்தார். சொன்னேன்.

"கொலுவுல வெச்சத வாங்கியாந்தியா? தண்ணியே பாக்காத தொட்டி, அதுல தண்ணி எப்டி நிக்கும்? அறிவு கீதா உனக்கு?"

திட்டட்டும். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை.

தண்ணீரை இறைத்து, துடைத்து, தொட்டியைக் கட்டிலருகே வைக்கச் சொன்னார். பழைய சிலிக்கான்மேல் புதுசு ஒட்டாதாம். உள்பக்கம் முழுக்க உரிக்க வேண்டுமாம். பிளேடைக் கேட்டு வாங்கினார். ஒரு விரற்கடை உரிப்பதற்குள் பிளேடு மெத்தையில் விழுந்தது. எடுக்கப் பார்த்தார், விரல்கள் மடங்கவில்லை. பெற்ற வயிறு மாதிரி எனக்கு எரிந்தது.

"நீ உரி" என்றார். "நான் சொல்றேன்."

உரித்தேன். கண்ணீர் கண்ணாடியில் விழுந்துகொண்டே இருந்தது.

"அழுதுகினே உரிக்காத. ஈரம் இருந்தா பசை புடிக்காது."