பூஜ்யம் எழுதாத நோட்டு

எனக்கு எண்ணத் தெரியாது என்று ஒருவர் எழுதிய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து மெயிலில் வந்தது. காந்திபுரத்து பிரவுசிங் சென்டரில் நானே அதைப் பிரின்ட் எடுத்து, நானே கொண்டுபோய் முதலாளி கையில் கொடுக்க வேண்டியிருந்தது. "ஸ்டாக் பார்க்கும் பெண்ணுக்கு எண்ணத் தெரியுமா, தெரியாதா? தெரியாவிட்டால் வேறு ஆளைப் போடுங்கள்." எழுதியவர் முதலாளியின் மகன். என்னை அவர் பார்த்தது கூடக் கிடையாது. பஸ்ஸில் வரும்போது அந்தத் தாளை நாலு முறை படித்தேன். நாலு முறையும் உடம்பெல்லாம் எரிந்தது.

தொண்ணூறுகள் முடியப்போகிற நேரம் அது. ராஜ வீதிப் பக்கம் ஒரு சந்தில் இருந்தது அந்தச் சேலைக் கடை. சோமனூர்த் தறிகளில் காட்டன் சேலை நெய்யக் கொடுத்து வாங்கி விற்பார்கள். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த மகன், சேலைகளின் படத்தை இன்டர்நெட்டில் போட்டு அங்கிருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு விற்க ஆரம்பித்திருந்தார். ஆர்டர் மெயிலில் வரும். நாங்கள் பார்சல் கட்டி அனுப்புவோம். வாரா வாரம் சனிக்கிழமை ரேக் ரேக்காக எண்ணி, எந்த மாடலில் எத்தனை சேலை என்று நோட்டில் எழுதி, அதையே டைப் செய்து மகனுக்கு அனுப்புவது என் வேலை. நான் எழுதும் எண்தான் அங்கே படத்துக்குக் கீழே தெரியும்.

பி.காம். முடித்துவிட்டு தொண்டாமுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். அம்மா அங்கே தோட்டங்களில் களையெடுக்கப் போவாள். அதில் ஒரு தோட்டம் முதலாளியின் சொந்தக்காரருடையது. எனக்கு அந்த வேலை கிடைத்ததே அந்த வழியில்தான். அதனால் நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தப்பு எங்கே நடந்தது என்று சொல்கிறேன். நோட்டில் ஒன்று என்று எழுதியிருப்பேன். அமெரிக்காவில் யாரோ அந்த ஒன்றைக் கேட்பார்கள். பார்சல் கட்டும் அக்காவிடம் சீட்டைக் கொடுத்தால், சேலையைக் காணோம் என்று சீட்டு திரும்பி வரும். போய்ப் பார்த்தால் ரேக்கில் சேலை சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். கேட்டால், "அது வேற ஒருத்தருக்கு எடுத்து வெச்சதுங்க" என்பார் முதலாளி. மூன்று முறை இப்படி நடந்து, மூன்று முறையும் மன்னிப்புக் கேட்டு நான்தான் எழுதினேன். அதற்கப்புறம்தான் அந்த மெயில் வந்தது.

முதலாளி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த தாளை மடித்துக்கொண்டு அழாத குறையாக நின்றபோது அக்காதான் உண்மையைச் சொன்னாள்.

"உனக்கு இத்தன நாளாத் தெரியாதா கண்ணு? கடைசிச் சீலைய எடுக்க உடமாட்டாங்க. ரேக்கு காலியானா லட்சுமி போயிருவாளாம். அரிசிப் பானைய வழிச்சுத் தொடைக்க மாட்டோமல்லோ, அதாட்டந்தான்."

புது மூட்டை வந்தால் பழையதை விற்றுவிட்டு, புதிதில் ஒன்று காவலுக்கு உட்காருமாம். ஆனால் சில மாடல்களில் புது மூட்டை வரவே வராது. ரேக்கில் ஒன்று இருக்கிறதே, அப்புறம் எதற்கு நெய்யச் சொல்வது? அப்படி முப்பதுக்கு மேற்பட்ட மாடல்கள் ஆளுக்கொரு சேலையோடு வருஷக்கணக்கில் காத்துக்கிடந்தன. உலகம் முழுக்கப் படம் காட்டிவிட்டு, கேட்டால் கொடுக்க மாட்டோம். பழி மட்டும் எனக்கு.

நேரே முதலாளியிடம் போனேன். முதலில் பணிவாகத்தான் பேசினேன்.

"ஐயா, அந்தக் கடைசிச் சேலைய விக்க வேண்டாமுங்க. ஆனா நோட்டுல அதைக் கழிச்சுப் பூஜ்யம்னு எழுதிக்கிறனுங்க. யாரும் ஆர்டர் போட மாட்டாங்க."

அவர் முகம் மாறிவிட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பிக்கிற நோட்டு அது.

"பூஜ்யம் எழுதறதா? எங்கப்பன் காலத்துல இருந்து இந்தக் கடை நோட்டுல அத எழுதுனதில்ல அம்மணி. நெனச்சுக்கூடப் பாக்காதீங்க."

விற்கவும் கூடாது, இல்லை என்று எழுதவும் கூடாது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"எங்கூட்ல அரிசி தீந்தா எங்கம்மா தீந்துபோச்சுன்னுதான் சொல்லுமுங்க. அப்படிச் சொன்னாத்தான் வாங்கிட்டு வர ஒரு ஆள் ரேசன் கடைக்குப் போகுமுங்க. மாசத்துல நாலு நாள் எங்க பானை காலிதானுங்க. லட்சுமி அதுக்காகக் கோவிச்சுக்கிட்டதாத் தெரியலீங்க."

அக்கா நூல்கண்டைக் கீழே போட்டுவிட்டு அதைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போய் வேலையப் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

வேலையைப் பார்த்தேன். மறுநாளே ஆர்டர் வந்தது: அரக்குச் சேலை, பச்சை பார்டர், கேட்டவருடைய அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு. நோட்டில் ஒன்று. ரேக்கிலும் ஒன்று. அக்காவிடம் சீட்டைக் கொடுக்கவில்லை. நானே எடுத்தேன், நானே பார்சல் கட்டினேன், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பெரிய போஸ்டாபீசுக்கு நடந்துபோய் நானே அனுப்பினேன். திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. ரசீதை முதலாளி மேசையில், அவருடைய வெற்றிலைப் பெட்டிக்குக் கீழே வைத்தேன்.

எங்கள் பக்கம் வேலையை விட்டுத் துரத்துவது கூட மரியாதையோடுதான் நடக்கும். "நாளையில இருந்து நீங்க வர வேண்டாமுங்க அம்மணி. தண்ணி குடிச்சுட்டுப் போங்க" என்றார். நான் குடிக்கவில்லை.

அம்மா கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஒரு சீலைக்காகவா வேலையத் தொலச்சுப்போட்டு வந்த? நாளைக்கு நான் போயி அவிய கால்ல உழுந்தாவது கேக்கறேன்."

"நீ அங்க போனீன்னா நான் இந்த ஊட்ல இருக்கமாட்டேன்" என்றேன். அப்படிச் சொன்னதற்காக இன்றைக்கும் வருந்துகிறேன். போக விடாததற்காக வருந்தவில்லை. வேலை போனது கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. எண்ணத் தெரியாதவள் என்ற பெயரோடு போனதுதான் பொறுக்கவில்லை.

பத்து நாள் கழித்து அக்கா பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அரக்குச் சேலை போய்ச் சேர்ந்துவிட்டதாம். இந்தப் பக்கம் மெயிலுக்குப் பதில் போட ஆளில்லை, ரேக்கை எண்ண ஆளில்லை. இரண்டு பேருக்கு மாடல் மாறிப் போய், மகன் அங்கே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாராம். "உன்னைய வரச் சொன்னாங்க கண்ணு."

"வாரேன்னு சொல்லுங்கக்கா. சும்மா வரமாட்டேன்னும் சொல்லுங்க."

மறுநாள் போனேன். முதலாளி உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே பேசினேன். ஒன்று, நடந்ததை அவர் மகனுக்கு நானே எழுதுவேன். இரண்டு, தீர்ந்தது தீர்ந்ததாக நோட்டில் ஏறும்.

முதலாவதுக்கு உடனே தலையாட்டினார். அன்றைக்கே காந்திபுரம் போய் எழுதினேன். "கடைசிச் சேலையை விற்க விடாதவர் உங்கள் அப்பா. நான் எழுதிய எண் எல்லாம் சரி. எனக்கு எண்ணத் தெரியும்." கீழே என் முழுப் பெயரைப் போட்டேன். இரண்டு நாளில் "ஸாரி" என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. அதையும் பிரின்ட் எடுத்து முதல் தாளோடு சேர்த்துக் குத்திவைத்திருக்கிறேன்.

இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது. சனிக்கிழமை நோட்டை அவர் மேசையிலேயே வைத்துத் திறந்தேன். அரக்குச் சேலையின் வரி வந்ததும் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீங்களே எழுதிக்குங்க. நான் பாக்கலீங்க."

"பாருங்கய்யா. நீங்க பாக்காம எழுதினா அதுவும் என் தப்பாத்தான் போகும்."

மெதுவாகத் திரும்பினார். எழுதினேன். பேனா மை காயும்வரை இரண்டு பேரும் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே சந்தில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள், அவ்வளவுதான். கூரை இடிந்து விழவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் போனை இழுத்து சோமனூருக்குச் சுழற்றினார்.

"ஏனுங்க, அந்த அரக்குல பச்ச பார்டரு இருக்குதல்லங்க, அதுல ஒரு இருபது சீலை தறில ஓட்டிக் குடுங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். என்னை ஒருமுறை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆமாங்க. இங்க தீந்துபோச்சுங்க."