அழிக்கும் உரிமை யாரிடம்

குழுவில் எல்லோருக்கும் அவள் 'வாத்தியாரம்மா'. பாடம் நடத்தியதே இல்லை. ஒற்றுப்பிழையைக்கூட விடமாட்டாள் என்பதால் வந்த பெயர். பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றைப் பல ஊர்க்காரர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதினார்கள். அதன் இணையப் புகார்ப் பலகையைக் கட்டி மேய்ப்பது அவள் பொறுப்பு. மகள் பள்ளிக்குப் போனதும் சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்துவிடுவாள்.

ஒருநாள் ஒரு புகாரைக் காணோம். மருந்துச் சீட்டிலிருக்கும் அரை மாத்திரையை மென்பொருள் முழு மாத்திரை என்று வாசிக்கிறதென ஒருவர் திட்டித் தீர்த்திருந்தார். அதை அழித்தவன் நிரல் எழுதும் 'மிளகாய்'. கோபத்தால் வந்த பட்டம்.

"வாய்க்கு வந்தபடி பேசினான்க்கா. தூக்கிட்டேன்."

"திட்டைத் தூக்கு, வேணாங்கல. பிழையையும் சேர்த்துல்ல தூக்கிட்ட!"

திட்டியவரிடம் மன்னிப்புக் கேட்டு மறுபடி எழுத வைத்தாள். இன்னொரு மூச்சு திட்டிவிட்டுத்தான் எழுதினார். பிழையை மிளகாயே சரிசெய்தான். ஆனாலும் அவள் மனம் ஆறவில்லை. அழிக்கும் உரிமையை எல்லோரிடமிருந்தும் எடுத்துவிட்டாள், தன்னிடமிருந்தும்.

சில வாரம் கழித்து ஒரு பெண் அவளுக்குத் தனியாக எழுதியிருந்தாள்: "புகாரோட சேர்த்து, திரையில இருந்ததை அப்படியே ஒட்டிட்டேன். அதுல என் புது வீட்டு விலாசமும் போயிடுச்சும்மா. நான் விட்டுட்டு வந்த மனுஷன் தேடிக்கிட்டிருக்கான்."

வாத்தியாரம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கணவனிடம் சொன்னாள். "நானே போட்ட சட்டம். நானே மீறினா நாளைக்கு யாரு மதிப்பாங்க?"

"அந்தப் பொண்ணு உயிரைக் கையில பிடிச்சிக்கிட்டு நிக்குது. நீ என்கிட்ட நியாயம் பேசிட்டிருக்கியே!"

பலகையின் தலைமைப் பொறுப்பு அவளுடையது என்பதால் உரிமையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தது. அழித்தாள். அப்புறம்தான் உறைத்தது: ஒவ்வொரு புகாரும் உறுப்பினர்களுக்கு மின்னஞ்சலிலும் போகும். அந்த விலாசம் யார் யாருடைய பெட்டியிலோ கிடக்கிறது.

பூசி மெழுகாமல் அந்தப் பெண்ணுக்கு எழுதினாள்: "பலகையிலிருந்து எடுத்துட்டேன். மின்னஞ்சல்ல போனதையும் அழிக்கச் சொல்லியிருக்கேன். அழிச்சாங்களான்னு என்னால உறுதி சொல்ல முடியாதும்மா."

பிறகு உரிமையை இருவரிடம் வைத்தாள்: ஒருவர் காரணம் எழுத வேண்டும், மற்றவர் ஒப்புக்கொண்டால்தான் அழிக்கலாம். ஒருவர் அவள், இன்னொருவர் மிளகாய். குழு முணுமுணுத்தது.

"நானாக்கா?" என்றான் அவனே.

"சூடு பட்ட கை. பார்த்துத்தான் தொடும்."

மறுவாரம் அந்தப் பெண்ணிடமிருந்து பதில் வந்தது. அக்கா வீட்டுக்கு மாறிவிட்டாளாம். "அழிச்சாச்சுன்னு மட்டும் சொல்லியிருந்தா, நம்பி அங்கேயே இருந்திருப்பேம்மா."