இடுப்பில் சேலை கட்டிய குழந்தை

எண்பதுகளின் தொடக்கத்தில் ஜேடர்பாளையம் பக்கம் வாய்க்கால் கரையோர ஊர் ஒன்றில் பால்வாடி டீச்சராக இருந்தேன். பால்வாடிக் கணக்குக்காக வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் பெயர் எழுதுவதும் என் வேலை.

கரும்பு வெட்டுகிறவர்கள் குடியிருந்த வரிசையின் கடைசி வீட்டில், சிலோனிலிருந்து திரும்பி வந்த ஒரு பெண் இருந்தாள். நோட்டைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. “புள்ள குட்டி இல்ல டீச்சர்” என்று கதவைச் சாத்தினாள். உள்ளே தட்டு சுழலும் சத்தம் கேட்டது.

பக்கத்து வீட்டு அம்மா குசுகுசுத்தார். “உள்ள ஒரு புள்ளையக் கட்டிப் போட்டிருக்கறாளுங்க. அது அவ புள்ளையான்னே தெரியலீங்க.”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆறு வயதுச் சிறுமி. இடுப்பில் பழைய சேலையைச் சுற்றித் தூணோடு கட்டியிருந்தது. கூப்பிட்டேன். திரும்பவே இல்லை, தட்டைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். எங்கிருந்தோ திருடிக்கொண்டு வந்த பிள்ளை என்று முடிவே கட்டிவிட்டேன்.

மறுநாள் காலை ஊர்த் தலையாரியை அழைத்துக்கொண்டு போனேன். எங்களைக் கண்டதும் அவள் கட்டை அவிழ்த்து, குழந்தையை இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினாள். பாதி வழியில் குழந்தை கையை உதறிவிட்டு வாய்க்காலைப் பார்த்து ஓடியது.

“டீச்சரம்மா, புள்ள தண்ணிக்குப் போகுதுங்க!” என்று தலையாரி கத்தினார். அதற்குள் குழந்தை குதித்துவிட்டது. பின்னாலேயே தாயும் குதித்தாள். கழுத்தளவுத் தண்ணீரில் அவள் குழந்தையின் தலைமுடியைப் பிடித்துக்கொள்ள, தலையாரி தோள்துண்டை வீசி இருவரையும் கரையேற்றினார். குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

“நான் பெத்த புள்ளைதான். தண்ணியக் கண்டா ஓடிருவாளேன்னுதானே கட்டி வச்சேன்! நான் வேலைக்குப் போனா யாரு பாக்குறது?” என்று அழுதாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “சிலோன்ல தேயிலைத் தோட்டத்துல இப்பிடித்தான் வீடு வீடா வந்து பேரு எழுதுனாங்க. எங்கம்மா பேரு ஒரு தாள்ல, எம்பேரு இந்தியாவுக்கு அனுப்புறவங்க தாள்ல. என்னையக் கப்பல்ல ஏத்துனாங்க. அம்மா அங்கயே நின்னுருச்சு.”



அதன் பிறகு வாரம் தவறாமல் போனேன், நோட்டு இல்லாமல். குழந்தையைச் சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்றால் சந்தேகமாகவே பார்ப்பாள். “அங்கயே பிடிச்சு வச்சுக்குவாங்களா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். இரண்டு மாதம் கழித்துத்தான் குழந்தையோடு என்னுடன் பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் இடத்தில் குமாஸ்தாவின் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எம்பேரும் அதே தாள்லதான் இருக்கணும்” என்றாள். குமாஸ்தா முறைத்தார். நான் கெஞ்சிய பிறகு எழுதினார். என்னை எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் நகர்ந்தாள்.

குழந்தைக்குக் காது கேட்கிறது, மனசு வேறு மாதிரி வேலை செய்கிறது என்றார் டாக்டர். வாரம் ஒருநாள் தாயும் கூடவே உட்காரும் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். அதற்கு ஆட்டிசம் என்று பெயர் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு வருடத்தில், தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவின் கையைப் பிடித்துக் குடத்தருகே கூட்டிப்போகும் அளவுக்குச் சிறுமி தேறினாள். என்னிடம் மட்டும் அந்தத் தாய் கடைசிவரை கொஞ்சம் தள்ளியே நின்றாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எதற்காகப் பெயர் கேட்கிறேன் என்று முதல் நாளே நான் சொல்லியிருந்தால், அந்தக் குழந்தை வாய்க்காலுக்கு ஓடியிருக்காது என்ற உறுத்தல் இன்றும் என்னைவிட்டுப் போகவில்லை.